ஐஸ் கம்பெனி அவுட்டு

கபில்தேவை மீடியம் பேஸர் கணக்கில் சேர்த்ததற்கே அந்த ஆள் சண்டைக்கு வந்துவிட்டான்.

ஜெபசிங் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கமெண்டை மறுபடி படித்தார். காசிமேட்டில் அவருடைய கயிற்றுக் கடைக்கு மத்தியானத்தில் ஈ காக்கை வராது. மீன்பிடி போட்டுக்காரர்கள் விடிகாலையிலேயே வந்து வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் அவரும் அவருடைய ஃபோனும்தான்.

யூடியூபில் ஒரு கிரிக்கெட் சேனல். உலகத்தின் தலைசிறந்த மீடியம் பேஸர் யார் என்று எவனோ வீடியோ போட்டு மாதக்கணக்காகிறது. பார்த்தவர்கள் எல்லாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கீழே கமெண்டில் இரண்டு பேர் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் ஜெபசிங். பக்கத்து வலைக்கடைக்காரரின் பேரைக் கடன் வாங்கி, ரகுபதி என்று வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கபில்தேவ்.

இன்னொருவன் தனக்கு வைத்துக்கொண்ட பேர் லெஃப்ட் ஆர்ம். அவனுக்குச் சமிந்தா வாஸ்.

செத்த பிட்ச்சில், மறுமுனையில் துணைக்கு ஆளில்லாமல் வருஷக்கணக்காகப் போட்டவர் கபில் என்று இவர் எழுதுவார். வாஸ் மட்டும் என்ன, புல் முளைத்த பிட்ச்சிலா போட்டார் என்று அவன் கேட்பான். கபில் அடித்த ரன்களைச் சொன்னால், பேச்சு பௌலிங்கைப் பற்றி, பேட்டை ஓரமாக வை என்பான். நடுவில் ஒருத்தன் மெக்ராத் என்று மூக்கை நுழைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனை ஓட ஓட விரட்டினார்கள். அன்றைக்கு ஜெபசிங் நன்றாகத் தூங்கினார்.

நிஜ ரகுபதி ஒருநாள் எட்டிப் பார்த்து, யாரோடு இப்படிச் சிரிப்பு என்று விசாரித்தார். உங்கள் பேரில்தான் சண்டை போடுகிறேன் என்று சொல்லவா முடியும்? ஏதோ ஜோக் என்று சமாளித்தார்.

லெஃப்ட் ஆர்ம் யார் என்பது ஆரம்பத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எங்க தெருவுல ஐஸ் கம்பெனி செவுத்தத் தாண்டுனா சிக்ஸ் இல்ல மாமு, அவுட்டு. அங்க ஸ்பீடா போட்டு இன்னா பண்றது? மீடியம்தான் ராஜா” என்று எழுதியிருந்தான்.

அப்படி ஒரு சட்டம் கடைக்குப் பின்னால் இருக்கும் தெருவில்தான் உண்டு. உள்ளே விழுந்த பந்தை வாட்ச்மேன் திருப்பித் தரமாட்டான் என்பதால் பையன்களே போட்டுக்கொண்ட சட்டம். அந்தத் தெருவில் இடது கையால் பந்து போட்டவன் ஒருத்தன்தான். பெனிட்டோ. ஜெபசிங்கின் ஒரே பிள்ளை.

வானம் இருட்டினால் பெனிட்டோ ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடிவர வேண்டும். வாசலில் அடுக்கியிருக்கும் மணிலாக் கயிற்றுச் சுருள்களை அப்பாவும் பிள்ளையுமாக உள்ளே தூக்கிப் போட வேண்டும். இந்த ஓவரை மட்டும் முடித்துவிடுகிறேன் என்று கெஞ்சுவான். ஜெபசிங் விட்டதே இல்லை.

அவன் சாபிராவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, இனி இந்தக் கடைப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். பிடிவாதத்தில் அவன் அப்பாவை உரித்து வைத்திருந்தான். ஏறவில்லை. எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் என்று யாரோ சொல்லித்தான் தெரியும். மனைவி சுகிர்தம் இருந்திருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது செய்திருப்பாள். அவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இத்தனை வருஷம் கழித்து மகன் பேசுகிறான். ரகுபதியோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறான்.

அதனால் ஜெபசிங் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருந்தார். சொந்த ஊரான தூத்துக்குடியின் பேச்சு எட்டிப் பார்க்காதபடி, இன்னா, கீது என்று சிரமப்பட்டு எழுதினார். சண்டையில் ஜெயித்துவிடக் கூடாது என்பதிலும் கவனம். ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் கபில் ஒன்பது விக்கெட் எடுத்த கதை கையிலேயே இருந்தது. எழுதவில்லை. வாயடைத்துப் போனால் அவன் கிளம்பிவிடுவான். அப்புறம் இவர் யாரோடு பேசுவது?

இன்றைக்கும் வேண்டுமென்றே ஒரு சொத்தைக் காரணத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் அடித்து நொறுக்க வசதியாக. பதில் வரட்டும் என்று மெஸ் சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் காத்திருந்தார்.

பதில் வந்தது.

“எண்ணூர்ல மழ புடிச்சிகிச்சு. அங்கயும் வந்துடும். வாசல்ல கீற கயித்த மொதல்ல உள்ள எட்த்து வை. தனியா தூக்காத, இடுப்பு புடிச்சிக்கும். வாஸ் எங்கயும் போவமாட்டாரு.”

ஜெபசிங் மறுபடியும் படித்தார். பேரைப் பார்த்தார். லெஃப்ட் ஆர்ம்தான்.

அப்படியானால் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தார். ஒருவேளை முதல் நாளிலிருந்தேகூட இருக்கலாம். அவருக்கு அழுகை வந்தது.

வெளியே வானம் கறுத்துத் தொங்கியது. முதல் துளிகள் கயிற்றின் மேல் விழத் தொடங்கின. நனைந்தால் விறைத்துப்போகும், பிறகு எந்தப் போட்டுக்காரனும் தொடமாட்டான்.

அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே எழுதினார், இந்தத் தடவை தன் பேச்சிலேயே.

“ஒத்தையில தூக்க முடியாதுலே. நீ வா.”

அனுப்பிவிட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டார். மழை வலுத்தது. கயிறு நனைவதைப் பார்த்துக்கொண்டு, படியைப் பார்த்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார்.