கண் எழுதிய கை

“முதலாவது, தொண்ணூத்தி மூணு பொங்கல் முடிஞ்சதும் முதலாளி ஜன்னலுக்கு ஆணி அடிச்சாரு. ஈரப் பெயிண்ட்ல தூசி ஒட்டுதாம்! ரெண்டாவது, அதே வருஷம் ஆடியில ஃபேனைக் கழட்டினாரு. காத்துல பிரஷ் நுனி காய்ஞ்சிடுதாம்! மூணாவது, தீபாவளிக்கு அப்புறம் கக்கூஸ் சாவியை மேஸ்திரி இடுப்புல மாட்டினாரு. நாலாவது, இந்த வருஷம், பொம்மைக்குக் கண் எழுதி எழுதியே பார்வை மங்கிப்போன நம்ம அஃப்சருன்னிசாவை, ‘உனக்குக் கண்ணு தெரியலை, நாளையிலேருந்து வராதே’ன்னு அனுப்பினாரு!”

சங்கத் தலைவர் கனகராஜ் குற்றங்களை எப்போதும் தேதி வரிசையில்தான் சொல்வார். வரிசை தவறினால் முதலாளி அதில் நுழைந்து தப்பித்துவிடுவான் என்பது அவருடைய அனுபவம். எத்தனையோ ஆலை வாசல்களில் கேட்ட குரல் அது.

இது ஆலை இல்லை. தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி. வெளிநாட்டுக்காரர்கள் பலகை விரித்து ஆடும் மாயாஜால விளையாட்டுக்கான பொம்மைகள், கட்டைவிரல் உயரத்தில், சாம்பல் நிறத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கொம்பு வைத்த அரக்கன், இறக்கை முளைத்த பல்லி, வாள் பிடித்த வீரன். இருபது பெண்கள் வண்ணம் பூசி, கண் எழுதி அனுப்புவார்கள்.

“தாயம் ஆடுறதுக்கு இம்மாம் பேய் இன்னாத்துக்குடி அவனுங்களுக்கு?” என்பாள் தங்கபுஷ்பம்.

இப்போது இருபது பேரும் வாசலில். வேலைநிறுத்தம்.

“மேலே பூசாத மூட்டை ஏற ஏறத்தான் நமக்குப் பலம். கப்பல் கிளம்புற நாள் நெருங்கட்டும், ஸ்ரீஹரி முதலாளி தானா இறங்கி வந்து அஃப்சருக்கு வேலை குடுப்பாரு. அதுவரைக்கும் மக்கள் நமக்குச் சோறு போடுவாங்க!” என்றார் கனகராஜ்.

சோறு வந்துகொண்டுதான் இருந்தது. உண்டியல் குலுக்கிக் கிடைத்ததைக் கனகராஜ் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். தேனாம்பேட்டையிலிருந்து அவர் மனைவி சூடாமணி மதியம் ரிக்‌ஷாவில் அண்டாவோடு வந்து இறங்குவாள். அவருக்குப் படுக்கையும் வாசலில்தான். வீட்டுப் பக்கம் போய் நாளாகிவிட்டது.

அன்று ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி உள்ளே நுழையப் பார்த்தது. கனகராஜ் மறித்து, அட்டைப்பெட்டியைப் பிரித்தார்.

உள்ளே அரக்கர்கள். பச்சையும் சிவப்புமாக, பளபளவென்று. பூசி முடித்தவை.

“யாரு பூசினது?”

“எனக்கு இன்னா தெரியும் நைனா? புரோக்கர் வீட்டு வீட்டுக்குக் குடுத்து வாங்குறாரு. ஏத்தினாரு, எடுத்தாந்தேன்.”

“கருங்காலி!” கனகராஜ் ஓர் அரக்கனை எடுத்து தங்கபுஷ்பத்திடம் நீட்டினார். “கண்ணைப் பார்த்தா யார் கைன்னு சொல்லிடுவீங்கல்ல? சொல்லு.”

உண்மைதான். ஒற்றை முடி பிரஷ்ஷால் வைக்கிற அந்தப் புள்ளி கையெழுத்து மாதிரி. ஆளுக்கு ஆள் வேறு.

தங்கபுஷ்பம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவளும் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். கடைசியில் அஃப்சருன்னிசா மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தாள்.

“எனக்கு ரெண்டு பேயா தெரியுதுண்ணே.”

யாரும் சிரிக்கவில்லை.

“தெரிஞ்சே மறைக்கிறீங்க! இவளுக்காகத்தானே தெருவுல நிக்கிறோம்? இவ பொழைப்புல மண்ணைப் போட்டவளுக்கு நீங்க காவலா?”

“உட்டுடுண்ணே. ஒரு பெட்டிதானே?” என்றாள் தங்கபுஷ்பம்.

“இன்னைக்குப் பெட்டி. நாளைக்குக் கப்பல்!”

சட்டைப்பையிலிருந்து சங்க விதியை எடுத்தார். அவரே எழுதியது. முதல் நாளே எல்லாரும் கை தூக்கி ஏற்றது.

“கருங்காலியின் பெயர் வாசலில் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படிக்கப்படும். அவளுடன் யாரும் பேசக் கூடாது. அவள் கையால் தண்ணீர்கூட வாங்கக் கூடாது.” நிமிர்ந்தார். “புருஷன் பேரும் சேர்த்துத்தான் படிப்பேன். வீட்டுக்கும் உறைக்கணும்!”

அப்போது ரிக்‌ஷா வந்து நின்றது. சூடாமணி அண்டாவை இறக்கி, கரண்டியை எடுத்தாள்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அஃப்சருன்னிசாதான் தட்டைத் தடவி எடுத்துக்கொண்டு போனாள். “எனக்கு ஊத்துக்கா. எனக்குத்தான் கண்ணு தெரியாதே, விதியெல்லாம் எங்கே படிக்கிறது?”

கனகராஜுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

“நான் காய்ச்சல்ல கெடந்தப்போ என் பங்கைப் பூசிக் குடுத்த கைண்ணே இது. எங்களுக்குத் தெரியாதா?”

சூடாமணி பெட்டியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“உங்க உண்டியல் காசு ரெண்டு நாள் கூடத் தாங்கலை. மக்கள் சோறு போடுவாங்கன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க. இத்தனை வயிறு. அரிசி எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அவருடைய தட்டும் அந்த வரிசையில்தான் இருந்தது.

“தப்புதான்,” என்றாள் சூடாமணி. “தெரிஞ்சுதான் செஞ்சேன். படிங்க.”

“வேணாண்ணே,” என்றாள் தங்கபுஷ்பம். “கிழிச்சுப் போடு.”

கிழித்திருக்கலாம். ஆனால் எத்தனை வீட்டுப் பெண்களின் பெயரை எத்தனை வாசல்களில் படித்திருக்கிறார்! அப்போதெல்லாம் யாராவது இப்படிக் கெஞ்சாமலா இருந்தார்கள்?

காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். ஆலைச் சங்கையே அமுக்கிய குரல் எதிர்ச் சுவர்வரைகூடப் போகவில்லை.

“கருங்காலியின் பெயர்... சூடாமணி.”

நிறுத்திவிட்டார்.

சூடாமணி அவர் தட்டில் கஞ்சியை ஊற்றினாள்.

“புருஷன் பேரு?”

இருபது பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“கனகராஜ்.”