மூக்குப்பொடி நெடி

நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களைக் குவித்துவைக்கும் மேசையில்தான் பூங்கோதை தேடுவாள். மூக்குப்பொடி நெடி அடிக்கும் புத்தகத்தை மட்டும் எடுத்துப்போவாள். முகம் தெரியாத அந்த வாசகரின் பின்னாலேயே போய்த்தான் தேனீ வளர்ப்பு, துப்பறியும் கதைகள், பனிமலைப் பயணங்கள் எல்லாம் அவளுக்கு அறிமுகமாயின. பிறகு சிறுநீரக நோய் பற்றிய புத்தகமாகவே வந்துகொண்டிருந்தது. அப்புறம் வெகுநாள் ஒன்றுமில்லை. இன்று அதே நெடியோடு ஒரு புத்தகம் கிடந்தது. தனி ஆளாகச் சமைத்துக்கொள்ளக் கற்றுத்தரும் புத்தகம். ஆரம்பத்திலேயே, ரசம் வைக்கும் பக்கத்தில், மூலை மடிந்திருந்தது.

“பதிஞ்சு தரட்டுமாம்மா?” என்றார் நூலகர்.

“வேணாம் சார். இதைப் படிச்சுட்டிருந்தவர் வந்தா அவர்கிட்டயே திரும்பக் குடுத்துடுங்க. இன்னும் ரசத்தையே தாண்டல.”