பட்டும் படாமலும்

"நெருப்பத் தொடற மாதிரி தொடறாம்மா அவ. நீயும் வாயத் தொறக்காம படுத்துக்கினு இருக்க" என்றாள் ரூபா.

அவள் அம்மா பொன்னியம்மா வீங்கிய வலது கையைப் பிள்ளையைப் போல மடியில் கிடத்திக்கொண்டு, சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபோது, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கையில் நீர் தங்கி, இப்போது ரவிக்கைக் கை ஏறாத அளவுக்கு ஊதிவிட்டது. கையால் நீவியே அந்த நீரை வடிய வைக்கிற ஒரு பெண் திருப்பதியில் இருக்கிறாள் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் தவறாமல் பஸ் மாறி வருகிறார்கள்.

ரூபா எதிலும் குறை வைக்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் வந்திருக்கும் செல்போன் கம்பெனியில் வேலை. ஷிப்டு மாற்றிக்கொண்டு, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள். ஆபரேஷன் முடிந்து அம்மா வீடு திரும்புவதற்குள் கட்டில், போர்வை, தட்டு, டம்ளர் எல்லாம் புதிதாக வாங்கிப் போட்டாள். காற்றாட இருக்கட்டும் என்று முன்பக்கத்து ஷீட்டு போட்ட அறையை அவளுக்கே ஒழித்துக் கொடுத்தாள். பஸ்ஸில்கூட, அம்மா கையை நீட்டிக்கொள்ளட்டும் என்று இவள் வேறு சீட்டில்தான் உட்காருவாள். இத்தனையும் செய்து அழைத்து வந்தால், இங்கே ஒருத்தி விரல் நுனியால் தொட்டு அனுப்புகிறாள்.

"நல்லாத்தாண்டி பாக்குது அந்தப் பொண்ணு" என்றாள் பொன்னியம்மா.

"நல்லாப் பாக்குறவகிட்ட படுத்துக்கினு ஒவ்வொரு வாட்டியும் எதுக்கு அழுவுற?"

பொன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ரூபா பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

பத்மினி என்கிற அந்தப் பெண் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். புதிதாக எங்காவது நெறி கட்டியிருக்கிறதா என்று கழுத்தின் இரு பக்கமும், காறை எலும்பின் மேலும், இடது அக்குளிலும் விரல்களை உருட்டிப் பார்த்தாள். பிறகு நீவத் தொடங்கினாள். அதை நீவுதல் என்றே சொல்ல முடியாது. கோலமாவைக் கலைத்துவிடாமல் அதன்மேல் விரல் ஓட்டுவது போல இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் புத்தூர் மாந்தோப்புக்காரர் வீட்டு லட்சுமம்மா தோள் பிடிப்புக்காகப் படுத்திருந்தாள். சற்று முன்னால் இதே பத்மினி அவள் தோளில் முழங்கையை ஊன்றி, தெலுங்கில் ஏதோ கேலி பேசிச் சிரித்தபடி, மாவு பிசைவதுபோலப் பிசைந்ததை ரூபா வாசலிலிருந்தே திரை இடுக்கில் பார்த்திருந்தாள்.

இப்படித் தொடுவதற்கு என்ன அர்த்தம் என்று ரூபாவுக்குத் தெரியும். சின்ன வயதில் நைனா ரங்கையாவோடு நிலக்காரர் வீட்டுக்குக் கூலி வாங்கப் போயிருக்கிறாள். அந்தப் பெரிய வீட்டில் நைனாவுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர், மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். அவரே எடுத்து, அவரே கழுவி நீட்டினால், மேலேயிருந்து காப்பியை ஊற்றுவார்கள். ஊற்றுகிற கையும் வாங்குகிற கையும் ஒருநாளும் பட்டதில்லை. நைனா சிரித்துக்கொண்டே குடிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் ரூபாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பொன்னியம்மாவின் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுக்குள் இறங்கியது.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றாள் ரூபா. "அந்தம்மாவ முழங்கை வச்சு அமுக்குறீங்க. எங்கம்மாவ மட்டும் பட்டும் படாம தடவுறீங்க. நாங்க இன்ன ஆளுங்கன்னு தெரிஞ்சிக்கினீங்க, அதானே?"

பத்மினியின் கை நிற்கவில்லை. கோபிக்காமல்தான் சொன்னாள். தோள் பிடிப்பு வேறு, இது வேறு. இந்த நீர் தோலுக்கு அடியிலேயே ஓடுவது. அழுத்தினால் அதன் வழி மூடிக்கொள்ளும். அக்குளில் பாதை போய்விட்டதால், மெல்லத் தள்ளி மறுபக்கத்துக்கு அனுப்புகிறாள். யாராக இருந்தாலும் இந்த அளவுக்குத்தான் தொட முடியும்.

"இத வீட்ல தினமும் செய்யணும். மொதல் நாளே கத்துத் தரேன்னேன், நீங்கதான் டைம் இல்லன்னீங்க" என்றாள்.

ரூபாவுக்கு ஆறவில்லை. "அப்ப எங்கம்மா எதுக்கு அழுவுது?"

பத்மினி குனிந்து பார்த்தாள். "நோவுதா பெத்தம்மா?"

"நோவல கண்ணு." பொன்னியம்மா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆபரேசனுக்கு அப்பால என் மேல ஆசையாப் பட்ட கை உன்னுது ஒண்ணுதான்."

பத்மினி ரூபாவின் கையைப் பிடித்து, அந்த வீங்கிய கையின்மேல் வைக்கப் போனாள். ரூபா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள்.

"அவள விட்டுடு கண்ணு" என்றாள் பொன்னியம்மா, சிரித்துக்கொண்டே. "கொயந்தைங்கள வச்சிக்கினு இருக்கா, தொத்திக்குமோன்னு பயம். என் டம்ளரக்கூட வெளிக் கூரையில தனியாத்தான் செருகி வச்சிருக்கா."