அசையாத டிரம்

“ஏ பிச்சம்மா, பக்கெட்டு மிதந்து வெளிய போவுது, புடி” என்று பரணில் படுத்திருந்த அவள் புருஷன் நயினார் சொன்னார்.

பிச்சம்மாள் எட்டிப் பிடித்தாள். வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். காலையில் மாட்டுங்காவுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனபோது தூறல்தான். வேலையை முடித்துத் தாராவிக்கு நடந்து வருவதற்குள் சந்து வாய்க்காலாகிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் இதே கூத்து. அலுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“நானும் எறங்கி வாரேன். நீ ஒருத்தியா என்ன செய்வ?”

“ஒண்ணும் வேண்டாம். ஹெர்னியா ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு. தண்ணிக் கொடத்தக்கூட தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? பேசாம மேலயே கெடங்க.”

நயினார் தோல் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர். வீட்டில் அரிசி இல்லையென்று தெரிந்தால் நாளைக்கே லாரியில் மூட்டை ஏற்றப் போய்விடுவார். அந்தப் பயத்தில்தான், ‘டிரம் நெறைய அரிசி கெடக்கு, தீவாளி வரைக்கும் கவலையில்ல’ என்று அவரிடம் பொய் சொல்லி வைத்திருந்தாள். டிரம் காலியாகிப் பல நாளாயிற்று. அன்றாடம் கொஞ்சம் அரிசி வாங்கி, பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஜெபசெல்வி வாசலில் தலை நீட்டினாள். “யக்கா, எங்க டிரம்மு இந்தப் பக்கம் வந்துச்சா? எப்படிப் போச்சுன்னே தெரியல.”

“காலி டிரம்மா?” என்று மேலிருந்து கேட்டார் நயினார்.

“ஆமாண்ணே.”

“உள்ள வெறுங்காத்து இருந்தா தண்ணி தூக்கிட்டுத்தான் போவும். எங்க டிரம்ம பாரு, நெறஞ்சு கெடக்கு. அசையுதா?”

பிச்சம்மாள் கையிலிருந்த பக்கெட்டைப் போட்டுவிட்டாள். ஓடிப்போய் டிரம்மின் மூடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். சொம்பு, செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அவளைச் சுற்றி மிதந்தன. கையை எடுத்தால் டிரம்மும் கிளம்பிவிடும். அப்புறம் இந்த மனுஷனை யார் பிடித்து வைப்பது?

கை மரத்துப் போயிற்று. இனி முடியாது என்றானபோது, வருவது வரட்டும் என்று எடுத்துவிட்டாள்.

டிரம் அசையவில்லை.

“நான்தான் சொன்னேன்லா. நீ ஏன் கெடந்து பதறுத? செத்த ஒக்காரு” என்றார் நயினார்.

‘இசக்கியம்மாதான் புடிச்சு நிறுத்தியிருக்கா’ என்று நினைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

மழை விட்டு, சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. நயினார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணயர்ந்திருந்தார். ஜெபசெல்வி வீட்டிலிருந்து கொஞ்சம் அரிசி கைமாற்று வாங்கி வரலாம் என்று கிளம்பிய பிச்சம்மாள், மனசு கேட்காமல் சத்தம் வராமல் டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

உள்ளே, வாசல் மூலையில் கிடந்த அம்மிக்கல் இருந்தது. காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருந்தது நயினார் ஒருவர்தான்.