ஐந்தாவது மாடிக்குப் போகும் வழியில்

ஐந்தாவது மாடி அரங்கில் ஆட்டிசம் பற்றிப் பேசுவதற்காகச் சுகிர்தா தன் பதினாறு வயது மகள் லிடியாவுடன் லிஃப்டில் ஏறினாள். பாதியில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றது. இருட்டில் லிடியா அலறத் தொடங்கினாள். கூட இருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "அவளுக்கு ஆட்டிசம். வேணும்னு செய்யல. கத்துனாத்தான் பயம் குறையும்," என்றாள் சுகிர்தா. ஊர் ஊராக மேடையில் சொல்லி வருவதுதான்; இங்கே அலறலுக்கு மேல் அவள் குரல் எழவில்லை. "உங்க பேச்சைக் கேக்கத்தான் மேடம் வந்திருக்கேன்," என்றார் ஒருவர், மூச்சு வாங்க. "இப்ப தயவுசெஞ்சு அவளை நிறுத்தச் சொல்லுங்க." யாரோ லிடியாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்ட சுகிர்தா, மகளின் வாயைத் தானே அழுத்திப் பொத்தினாள். உள்ளங்கையில் அலறல் சூடாக முட்டியது; பிறகு அடங்கியது. "ரொம்ப தேங்க்ஸ் மேடம்," என்றார் அவர்.

மின்சாரம் வந்து, லிஃப்ட் மேலே போய்க் கதவு திறந்ததும் எல்லோரும் வெளியேறினார்கள். சுகிர்தா கையை எடுத்தாள். எடுத்த இடத்தில் லிடியா தன் கையை வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்டா கண்ணு, எடுத்துரு."

லிடியா எடுக்கவில்லை. அரங்கிலிருந்து மைக்கில் சுகிர்தாவின் பெயரை அழைத்தார்கள்.