தையல் போட்டே ஆகணும்

"மச்சான், பேனாக்கத்தி வழுக்கிடுச்சு. ஆழமா வெட்டிருக்கு, தையல் போட்டே ஆகணும். உடனே வா. உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே!"

கணவர் போனில் கடைசியாகக் கிசுகிசுத்தது மட்டும் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அன்று காலைதான் வந்திறங்கிய புது நீல சோபாவில் அவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் ரத்தம்.

"ஐயோ! எழுந்து வாங்க, குழாயில கழுவலாம்."

"எழுந்திரிக்க முடியாதும்மா."

"தலை சுத்துதா? அப்படியே இருங்க."

வாளியும் சொம்புமாக வந்து, தண்ணீர் ஊற்றி விரலைக் கழுவினாள்.

"சோபாவுல சிந்துது..."

"சோபா கெடக்குது! உங்க விரலைவிட அதுவா பெருசு?"

"நிஜமாவா சொல்றே?"

"சத்தியமா!"

சுத்தமான துணியால் விரலை அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது. பார்த்தால், அரிசி நீளத்துக்கு ஒரு கீறல்! பிளாஸ்திரி ஒட்டினாள்.

"இதுக்கா தையல்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளுடைய தம்பி உள்ளே நுழைந்தான். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தான். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"எழுந்திரிங்க மாமா. அதே நீலத்துல நூல் கொண்டாந்திருக்கேன்."

அவர் மெல்ல எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது.

"மேல சுத்தியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கும்போது..." என்று இழுத்தவர், பிளாஸ்திரி விரலை உயர்த்திக் காட்டினார். "இதுதான் பெருசுன்னு சத்தியம் பண்ணியிருக்கே!"

முறைக்க நினைத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாடி உங்களை எழுப்பிப் பாத்திருக்கணும்!"