தூக்கம் வந்த கார்

மாட்டுப் பொங்கல் கழிந்து நான்காம் நாள், காலை பத்து மணி.

வரதப்பன் உத்திரமேரூரில் இரண்டு பழைய கார்களைப் பார்த்தார். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. எதை வாங்கினாலும், தன் மாட்டு ஜோடியை மைத்துனன் சுப்பிரமணிக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

வண்டியைச் சோதிக்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் தூக்கம் வந்தால் நல்ல வண்டி. முப்பது வருஷமாக மாட்டு வண்டிகளை அப்படித்தான் வாங்கினார்.

பச்சைக் காரில் சாலவாக்கம் வரை போய் வந்தார். கண்ணை மூட முடியவில்லை.

"இன்னாப்பா, வளைவுல தூக்கி அடிக்குது?"

"நாப்பது மைல் வேகங்க," என்றார் டிரைவர் தானியேல்.

"வேகம் யாருக்கு வோணும்? அடுத்தத எடு. நேரா வூட்டுக்கே வுடு."

கறுப்புக் கார் காவாந்தண்டலத்துக்குக் கிளம்பியது. சுப்பிரமணி அவருடைய மாட்டு வண்டியில் பின்னால் வந்தான். ஏரிக்கரை தாண்டுவதற்குள் வரதப்பன் குறட்டை விட்டார்.

வீட்டு வாசலில் விழிப்பு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இதான்யா வண்டி! சத்தம் இல்ல, குலுக்கல் இல்ல. பள்ளத்துல பதமா எறங்குச்சு. வளைவுல அறிவோட திரும்புச்சு. அரைத் தூக்கத்துலயும் எனக்குத் தெரிஞ்சுது. இதையே முடிச்சிடு."

தானியேல் தலையைச் சொறிந்தார். "ஏரிக்கரையிலயே இன்ஜின் நின்னுபோச்சுங்க. உங்கள எழுப்ப மனசு வரல."

வரதப்பன் கண்ணைத் திறந்தார். காருக்கு முன்னால், கயிற்றில் பூட்டிய அவருடைய மாடுகள் இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கொம்புச் சாயம் இன்னும் மங்கவில்லை.

சுப்பிரமணி வியர்வையைத் துடைத்தான்.

"மாமா, மாட்ட இப்பவே ஓட்டிக்கினு போவட்டுமா?"